ஆளில்லா ஊர்தியும் ஆளுள்ள வானமும்

சென்ற கல்வியாண்டின் விளையாட்டு விழாவில் படமெடுக்க வந்த இளைஞர், மைதானத்தின் மூலையிலிருந்து ட்ரோன் ஒன்றைப் பறக்கவிட்டார். தேனீக் கூட்டம் இரைவது போன்ற ஒலியுடன் அது மேலெழுந்தது. மாணவர் ஆரவாரம் செய்தனர். முன்வரிசையில் வீற்றிருந்த பெரியவர் ஒருவர் மட்டும் அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார். பிறகு நம் பக்கம் சாய்ந்து, “பேராசிரியர் தம்பி! பக்கத்திலேயே விமான நிலையம் இருக்கிறது. இது போய் அதில் மோதினால் என்ன ஆகும்?” என்று வினவினார்.

தமிழ் கற்பிக்கும் நமக்கு அதற்கு விடை தெரியவில்லை. “அவ்வளவு உயரம் போகாது” என்று ஏதோ கூறிச் சமாளித்தோம். பெரியவர் அமைதியடையவில்லை. அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் தம்மாமில் பணியாற்றித் திரும்பியவர். “1996-இல் டில்லிப் பக்கம் இரண்டு விமானம் மோதியதே, அந்தச் சவூதி விமானம் எங்கள் ஊருக்குத்தான் வந்துகொண்டிருந்தது” என்றார். அதன்பின் அவர் பேசவில்லை. அவருக்குச் சொல்லாமல் விட்ட விடையைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

பெரியவர் குறிப்பிட்ட அந்த நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குவது பொருத்தமாகும். 1996 நவம்பர் 12 அன்று மாலை, டில்லியிலிருந்து தஹ்ரானுக்குப் புறப்பட்ட சவூதி விமானமும், டில்லியில் இறங்க வந்துகொண்டிருந்த கசகஸ்தான் விமானமும் அரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே வானில் மோதிக்கொண்டன. 349 பேர் மாண்டனர். சவூதி விமானத்தில் இருந்தோரில் வேலைக்காகக் கடல் கடந்து செல்லப் புறப்பட்ட இந்தியர் பலர். சவூதி விமானத்துக்கு 14,000 அடியும், கசகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடியும் ஒதுக்கப்பட்டிருந்தன. இரண்டாவது விமானம் தனக்குரிய உயரத்திலிருந்து கீழே இறங்கிவிட்டது. அந்நாளில் டில்லியில் இருந்த ராடார், விமானம் எங்கே இருக்கிறது என்பதைப் புள்ளியாகக் காட்டுமேயன்றி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைக் காட்டாது. கட்டுப்பாட்டு அலுவலர் கண்முன் இரண்டு புள்ளிகள் இருந்தன. அவற்றிடையே இருக்க வேண்டிய ஆயிரம் அடி இடைவெளி கரைந்துபோனதை அவர் காண வழியில்லை.

இந்த விபத்துக்குப் பின்னர் வரும் விமானத்துக்கும் போகும் விமானத்துக்கும் வெவ்வேறு வழிகள் வகுக்கப்பட்டன. உயரத்தையும் காட்டும் ராடார் வந்தது. மோதல் தவிர்ப்புக் கருவி விமானங்களில் கட்டாயமாக்கப்பட்டது. இக்கருவி செயற்படும் முறையை ஒரு சொல்லில் கூறுவதானால் ‘விளித்தல்’ எனலாம். ஒரு விமானத்தின் கருவி சுற்றிலும் வானொலி அலையால் வினா எழுப்புகிறது. அருகிலுள்ள விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் என்னும் கருவி, “நான் இன்ன உயரத்தில் இருக்கிறேன்” என்று மறுமொழி தருகிறது. இருவரும் நெருங்கினால் ஒருவரை ஏறவும் மற்றவரை இறங்கவும் கருவியே பணிக்கிறது. விடை கூற எதிரில் ஒருவர் இருந்தாலன்றி இந்த உரையாடல் நடைபெறாது என்பதை மட்டும் ஈண்டு நினைவிற் கொள்ள வேண்டும். ட்ரோனைப் பற்றிய சிக்கல் இவ்விடத்திலேயே தொடங்குகிறது. விழாவில் பறக்கும் சிறிய ட்ரோன் இவ்வினாவைக் கேட்பதுமில்லை, விடை பகர்வதுமில்லை.

கண்ணை நம்பிய சட்டம்

கருவிகள் பெருகிய பின்னரும், தாழ்வாகப் பறக்கும் ஹெலிகாப்டர், சிறு விமானம் ஆகியவற்றின் பாதுகாப்புக்குப் பழைய விதியொன்றே அடிப்படையாக இருந்து வருகிறது. ‘பார், பார்த்து விலகு’ என்பதே அவ்விதி. நேருக்கு நேர் வரும் இரு விமானங்களும் வலப்புறம் திரும்ப வேண்டும். குறுக்கே சந்திக்கும்போது, தனக்கு வலப்பக்கம் மற்றதைக் காண்பவர் வழிவிட வேண்டும். இவையனைத்தும் விமானத்துக்குள் ஒருவர் அமர்ந்து கண்ணாடி வழியே வெளியே பார்க்கிறார் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டவை.

அந்தக் கண்ணும் நாம் எண்ணுமளவு வல்லதன்று. மோதும் பாதையில் வரும் பொருள் கண்ணாடியில் இடமாறாது. ஒரே இடத்தில் அசையாப் புள்ளியாக நிற்கும். அசைவதையே எளிதில் காணும் கண்ணுக்கு அது அழுக்குப் புள்ளி போலத் தோன்றும். கடைசி விநாடிகளில்தான் திடீரென விரியும். பொருளைக் கண்டு, இன்னதென உணர்ந்து, முடிவெடுத்து, விமானத்தைத் திருப்ப 12.5 விநாடி வேண்டும் என்று அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கையேடு கணக்கிடுகிறது. மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஹெலிகாப்டர் அந்நேரத்துக்குள் சுமார் 640 மீட்டர் கடந்துவிடும். ஒரு முழத்துக்கும் குறைந்த அகலமுள்ள ட்ரோனை 640 மீட்டர் தொலைவில் காண இயலுமா? மைதானத்தின் ஒரு கோடியில் நின்று மறுகோடியில் பறக்கும் சிட்டுக்குருவியைத் தேடிப் பார்த்தவர்க்கு இதற்கு விடை தெரியும்.

ஆகவே சட்டம் செய்பவர்கள் முதலில் தேர்ந்தெடுத்த வழி, இரண்டையும் வெவ்வேறு அடுக்குகளில் வைப்பது. திறந்த வெளிகளில் விமானங்கள் பொதுவாக 500 அடிக்குக் கீழே பறக்கலாகாது என்பது அமெரிக்க விதி. 2016-இல் அங்கு நடைமுறைக்கு வந்த சிறு ட்ரோன் விதிகள் 400 அடியை மேல்வரம்பாக வைத்தன. இடையில் நூறு அடி வெற்றிடம். நம் நாட்டில் 2021 ஆகஸ்டில் வெளியான ட்ரோன் விதிகளும் 400 அடி என்ற அளவையே கொண்டு, வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூவகையாகப் பிரித்தன. பச்சைப் பகுதியில் 400 அடி வரை தனி இசைவு வேண்டியதில்லை. விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் இவ்வரம்பு 200 அடியாகக் குறைகிறது. எட்டுக் கிலோமீட்டருக்குள் இச்சலுகையும் இல்லை.

இந்த ஏற்பாடு எளிமையானது. பெரும்பாலான நாள்களில் போதுமானதுங்கூட. ஆனால் ஹெலிகாப்டர்கள் இந்த நூறு அடி எல்லையை மதித்துப் பறப்பவையல்ல. நோயாளியை ஏற்றவும், வெள்ளத்தில் சிக்கியவரை மீட்கவும், தீயை அணைக்கவும் தரையை ஒட்டியே வந்தாக வேண்டும் என்பது அவற்றின் பணியின் இயல்பு.

அறியாமலே வீடு திரும்பியவர்

2017 செப்டம்பர் 21 அன்று, ஐ.நா. பொதுச்சபைக் கூட்டத்தையொட்டி நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவருகே அமெரிக்க இராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் ஒன்று பறந்துகொண்டிருந்தது. மாலை மங்கும் நேரம். உயரம் சுமார் 300 அடி. அதாவது ட்ரோனுக்கு ஒதுக்கப்பட்ட அடுக்கிலேயே. ஒரு ட்ரோன் அதன் சுழலி இறகில் மோதியது. இறகில் பள்ளம் விழுந்தது. எனினும் ஹெலிகாப்டர் பத்திரமாகத் தரையிறங்கியது. யாருக்கும் காயமில்லை. ட்ரோனின் மோட்டாரும் கையும் ஹெலிகாப்டரிலேயே சிக்கிக்கொண்டிருந்தன. அதைக் கொண்டு உரிமையாளரைத் தேடிக் கண்டுபிடித்தனர்.

விசாரணையில் வெளிவந்த செய்தியே நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. அவர் ட்ரோனைச் சுமார் நான்கு கிலோமீட்டர் தொலைவுக்கு, கண்பார்வைக்கு எட்டாத இடத்துக்கு வேண்டுமென்றே அனுப்பியிருந்தார். கையிலிருந்த திரையையே நம்பினார். அன்று அப்பகுதியில் பறப்பதற்குத் தடை இருந்தது அவருக்குத் தெரியாது. ட்ரோன் திரும்பவில்லை, தண்ணீரில் விழுந்திருக்கும் என்று கருதி வீட்டுக்குப் போய்விட்டார். விசாரணை அதிகாரிகள் தொடர்புகொள்ளும் வரை, தாம் ஒரு ஹெலிகாப்டரில் மோதியதே அவருக்குத் தெரியாது!

விமானத்தில் அமர்ந்திருக்கும் விமானி தவறு செய்தால் அதன் விளைவை முதலில் அனுபவிப்பவர் அவரே. விமானப் போக்குவரத்தின் ஒழுங்கெல்லாம் இந்த உடனிருத்தலின் மேல் எழுப்பப்பட்டது. சட்டத்துக்கு அஞ்சாதவரும் தம் உயிருக்கு அஞ்சுவார். ட்ரோன் இந்தப் பிணைப்பை அறுத்துவிடுகிறது. மோதலில் ஒரு தரப்புக்கு உயிர் போகலாம். மறு தரப்புக்குப் பொருள் போகும், அவ்வளவே. இந்தச் சமமின்மையை மறந்துவிட்டுக் கருவிகளைப் பற்றி மட்டும் பேசுவதில் பயனில்லை என்பது நம் கருத்து.

தமிழாசிரியர் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறோம். ‘ஆளில்லா விமானம்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். சொல் அழகாகத்தான் இருக்கிறது, பொருள்தான் பிழை. ஆள் இருக்கிறார், ஊர்தியில் இல்லை, தரையில் இருக்கிறார். 1944-ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கையின் 8-ஆவது பிரிவு ‘விமானி இல்லாத வானூர்தி’ என்று பேசி, அத்தகைய ஊர்தி பிற விமானங்களுக்கு இடர் விளைக்காவண்ணம் கட்டுப்படுத்தப்பட வேண்டும் என்று விதித்தது. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு 2015-இல் வெளியிட்ட கையேடோ ‘தொலைவிலிருந்து விமானியால் செலுத்தப்படும் வானூர்தி’ என்ற தொடரை மேற்கொண்டது. சொல் நீண்டுவிட்டது, உண்மை. ஆனால் பொறுப்புடையவர் மீண்டும் சொல்லுக்குள் வந்துவிட்டார்.

பறவை மோதுவதில்லையா என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். மோதுகிறது. பறவையின் உடல் பெரும்பகுதி நீரும் தசையுமாகும். வேகமாக மோதும்போது சிதறிப் பரவிவிடுகிறது. ட்ரோனின் மோட்டார், மின்கலம், ஒளிப்படக் கருவி ஆகியவை சிதறுவதில்லை; துளைக்கின்றன. ஒரே எடையுள்ள பறவையைவிட ட்ரோன் மிகுந்த சேதம் விளைக்கும் என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக நடத்திய ஆய்வு 2017-இல் தெரிவித்தது.

இதைத் துயரமாக மெய்ப்பித்தது 2025 ஜனவரி 9-இல் லாஸ் ஏஞ்சலிசில் நடந்தது. நகரின் மேற்கே பாலிசேட்ஸ் பகுதி தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. கனடாவின் கியூபெக் மாநிலத்திலிருந்து உதவிக்கு வந்த விமானங்கள் கடலில் தாழ்ந்து நீரை முகந்து, எரியும் குன்றுகளின் மேல் கொட்டிக்கொண்டிருந்தன. அங்குப் பறக்கத் தடை விதிக்கப்பட்டிருந்தது. அடுக்குமாடி வாகன நிறுத்தகம் ஒன்றின் உச்சியிலிருந்து தீயைக் காண ஒருவர் ட்ரோனை அனுப்பினார். அது இரண்டரைக் கிலோமீட்டர் பறந்து அவர் பார்வையிலிருந்து மறைந்து, தீயணைப்பு விமானத்தின் இடச்சிறகில் கையகலத் துளையிட்டது. விமானிகளுக்குத் தீங்கில்லை. ஆனால் ஊர் எரிந்துகொண்டிருக்கையில், ஒரு முறைக்கு ஆறாயிரம் லிட்டர் அளவுக்கு நீர் சுமக்கவல்ல அவ்விமானம் சில நாள்கள் பழுது பார்ப்பதற்காக நிறுத்தப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டவர் வேடிக்கை பார்க்க விரும்பினாரேயன்றித் தீமை செய்ய விரும்பியவர் அல்லர்.

கூவினால் கேட்காது

டிரான்ஸ்பாண்டரை ட்ரோனிலும் பொருத்திவிட்டால் என்ன என்று எவருக்கும் தோன்றும், நமக்கும் தோன்றியது. வியப்பு என்னவெனில், அமெரிக்க விதிகள் சிறு ட்ரோன்கள் விமானங்களைப் போன்ற ஒலிபரப்புக் கருவியைப் பயன்படுத்துவதைப் பொதுவாகத் தடை செய்கின்றன! காரணம் எளிது. எல்லா விமானங்களும் ஒரே அலைவரிசையில் பேசுகின்றன. ஒரு வகுப்பில் இருவர் விடை கூறினால் ஆசிரியருக்குக் கேட்கும். ஐம்பது பேரும் ஒருசேரக் கூவினால் எவர் விடையும் கேட்காது. இலட்சக்கணக்கான ட்ரோன்கள் அந்த அலைவரிசையில் கூவத் தொடங்கினால், பயணியர் விமானங்கள் ஒன்றையொன்று கேட்பதும் கெட்டுவிடும்.

அதற்கு மாற்றாக வந்தது ‘தொலை அடையாளம்’. ட்ரோன் தன் அடையாளத்தையும், தான் இருக்கும் இடத்தையும், செலுத்துபவர் இருக்கும் இடத்தையும் குறுகிய தொலைவுக்கு அறிவித்தபடியே பறக்கும். அமெரிக்காவில் 2024 மார்ச் முதல் இது முழுமையாக வலியுறுத்தப்பட்டது. வண்டியின் எண் பலகை போன்றது இது. எண் பலகை விபத்தைத் தடுக்காது. ஆனால் எண் பலகையுள்ள வண்டியை ஓட்டுபவர் சற்று நிதானமாக ஓட்டுவார். ஸ்டேட்டன் தீவில் அறுந்துபோன பொறுப்பை மீண்டும் முடிச்சிடும் முயற்சி எனலாம்.

அடையாளம் தெரியாவிட்டால் நேரும் குழப்பத்துக்கு இலண்டனின் காட்விக் விமான நிலையம் சான்று. 2018 டிசம்பர் 19 முதல் 21 வரை ட்ரோன் தென்பட்டதாக வந்த தகவல்களால் அது மூடப்பட்டது. சுமார் ஆயிரம் விமானப் பயணங்கள் பாதிக்கப்பட்டன. ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் பயணியர் தவித்தனர். குற்றவாளி எவரும் கண்டறியப்படாமலே 2020-இல் காவல்துறை விசாரணையை முடித்துக்கொண்டது. சாதாரண ராடார்கள் இத்தகைய சிறு பொருள்களைப் பறவைகளோடு சேர்த்து ஒதுக்கிவிடுகின்றன. மேலே இருப்பது யார் என்று கேட்டறிய வழியில்லாதபோது, வானத்தையே பூட்டுவதைத் தவிர அதிகாரிகளுக்கு வேறென்ன வழி?

அறிஞர்கள் பெரிதும் நம்பியிருக்கும் ஏற்பாடு, ட்ரோன்களுக்கென்றே தனியான போக்குவரத்து மேலாண்மை. அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா இதற்கான ஆய்வுகளைச் செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. இந்தியாவும் 2021 அக்டோபரில் இதற்கான கொள்கையை வெளியிட்டது. பெயர் பெரிது, கருத்து நம் ஊர்த் திருமண மண்டபத்துப் பதிவேடுதான். மண்டபத்தைக் கேட்டு வருபவரிடம் மேலாளர் பதிவேட்டைப் புரட்டி, “அன்று காலை வேறொரு நிக்காஹ் இருக்கிறது, மாலையில் வைத்துக்கொள்ளுங்கள்” என்கிறார். இரு வீட்டாரும் வாசலில் மோதிக்கொள்ளும் நிலை பதிவேட்டிலேயே தவிர்க்கப்பட்டுவிடுகிறது. அவ்வாறே எந்த இடத்தில், எந்த உயரத்தில், எத்தனை மணிக்கு என்று ஒவ்வொரு பயணத்தையும் முன்கூட்டிப் பதிந்தால், கணினி ஒப்பிட்டு ஒதுக்கித் தரும். திடீரென ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் வருகிறது என்றால் அப்பகுதி ட்ரோன்களுக்கு உடனே விலகும் செய்தி போகும். 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இந்திய ஒழுங்குமுறை, இசைவு பெறாத ட்ரோனின் விசைப்பொறி தரையைவிட்டே எழாதிருக்க வேண்டும் என்று கோரியது. ‘இசைவின்றேல் எழுச்சியின்று’ என்று அக்கோட்பாட்டை நாம் தமிழாக்கிப் பார்த்தோம், மாணவர் சிரித்தனர்.

பதிவேட்டில் பெயரில்லாமல் வருபவரை என்ன செய்வது? அதற்கு ஊர்தி தானே உணர்ந்து விலக வேண்டும். இங்கே ஒரு சுவையான செய்தி. 2016 அக்டோபர் முதல் ருவாண்டா நாட்டில் ஜிப்லைன் என்னும் நிறுவனத்தின் ட்ரோன்கள் மலைப்பகுதி மருத்துவமனைகளுக்குக் குருதியைக் கொண்டு சென்று இறக்கி வருகின்றன. இதனால் குருதி பயனின்றிக் காலாவதியாவது ஓராண்டில் 67 விழுக்காடு குறைந்தது என்று 2022-இல் வெளியான ஆய்வு கூறியது. அந்நிறுவனம் தன் ட்ரோனுக்குக் கண்ணை அன்றிக் காதைப் பொருத்தியது! இறக்கையிலுள்ள சிறு ஒலிவாங்கிகள், வரும் விமானத்தின் இரைச்சலைத் தொலைவிலேயே கேட்டுத் திசையறிந்து விலகச் செய்கின்றன. அமெரிக்க நிர்வாகம் 2023-இல் இதை ஏற்று, தரையில் காவல் நிற்பவர் இன்றியே பார்வைக்கு அப்பால் பறக்க இசைவளித்தது. கண்ணை நம்பிய சட்டத்துக்குள் காது நுழைந்தது அவ்வாறுதான்.

நம் நாட்டிலும் இதன் தேவை சிறிதன்று. 2021 அக்டோபர் 4 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மணிப்பூரின் பிஷ்ணுபூர் மருத்துவமனையிலிருந்து லோக்தாக் ஏரியிலுள்ள கராங் தீவுக்குக் கொரோனா தடுப்பூசியை ட்ரோனில் அனுப்பியது. சாலையும் படகுமாக மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும் வழி கால் மணி நேரத்தில் முடிந்தது. ட்ரோனே வேண்டாம், தடை செய்துவிடுங்கள் என்று கூறும் பெரியோர்க்கு இதை எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

இனி எஞ்சுவது, வழிவிட வேண்டியவர் யார் என்ற வழக்கு. இதுகாறும் ட்ரோனே எல்லோருக்கும் வழிவிட வேண்டும் என்பது விதி. 2025 ஆகஸ்டில் அமெரிக்க நிர்வாகம் வெளியிட்ட வரைவு இதில் ஒரு மாற்றத்தை முன்வைத்தது. தன் இருப்பிடத்தை ஒலிபரப்பாமல் தாழப் பறக்கும் விமானத்தைவிட ட்ரோனுக்குப் பல இடங்களில் முன்னுரிமை உண்டு என்பது அது. தன்னைக் காட்டிக்கொள்ளாதவருக்கு எப்படி விலகுவது என்பது ட்ரோன் தரப்பின் வாதம். வயலுக்கு மருந்து தெளிக்கும் சிறு விமானங்களை ஓட்டுவோர் இதைக் கடுமையாக எதிர்த்தனர்.

இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. சிறு விமானங்களும் மலிவான அறிவிப்புக் கருவியைச் சுமக்க வேண்டும் என்று கோருவதில் தவறில்லை; இரவில் விளக்கின்றி மிதிவண்டி ஓட்டுபவரிடம் விளக்கு வைக்கச் சொல்வது போன்றது அது. ஆயினும் விளக்கில்லை என்பதற்காக அவர்மேல் வண்டியை ஏற்றும் உரிமை எவருக்கும் வந்துவிடாது. உள்ளே உயிர் அமர்ந்திருக்கும் ஊர்திக்கே வழி என்பது மாறலாகாது என்பது நம் துணிபு. கருவி வாங்கும் செலவை யார் ஏற்பது என்பது பேசித் தீர்க்கக்கூடியதே.

இவ்வளவும் அறிந்தபின் பெரியவரை அவர் இல்லத்தில் சந்தித்து விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார். “அது சரி தம்பி, நம் கல்லூரி எந்த நிறத்தில் வருகிறது?” என்றார். அதை நாம் பார்க்கவில்லை! படமெடுக்கும் இளைஞரை அழைத்தோம். அவரும் நம் பழைய மாணவர்தாம். அவர் கைப்பேசியில் வரைபடத்தை விரித்தபோது, எம் மைதானம் விமான நிலையச் சுற்றெல்லைக்கு எட்டுக் கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருந்தது. சென்ற ஆண்டு எவரும் இசைவு கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. “ஐயா, எனக்கு உரிமம் இருக்கிறது, இது மட்டும் தெரியாமல் போயிற்று” என்று அவர் தலையைச் சொறிந்தார்.

இவ்வாண்டு விழாவுக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்க இயலவில்லை. ஆதலால் இம்மலரில் இடம்பெற்றுள்ள விளையாட்டு விழாப் படங்கள் நூலகக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து எடுக்கப்பட்டவை. ஓட்டப் பந்தயப் படத்தில் வேப்பமரக் கிளையொன்று குறுக்கே விழுந்திருப்பதைப் பொறுத்தருள வேண்டுகிறோம்.